அழிக்க வேண்டாம்

ஐயம்பேட்டை
4-8-2025

மதிப்பிற்குரிய பேராசிரியர் மாணிக்கவேல் ஐயா அவர்களுக்கு,

தாவீது எழுதுவது. இதை நானே எழுதுகிறேன். யாரையும் உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லி எழுதவைக்கவில்லை. இன்றோடு நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் முழுவதும் உங்கள் பெயரிலேயே போய்விட்டது. உங்கள் பெயரில் கொம்பும் சுழியும் அதிகம். என் பெயர் மூன்றே எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்.

எந்தத் தாவீது என்று யோசிப்பீர்கள். நம் கல்லூரியில் கணிதத் துறையில் பத்தொன்பது வருடம் கரும்பலகை துடைத்தவன். அதற்குப் பிறகு ஏழு வருடம் விலங்கியல் ஆய்வகத்தில் தவளைத் தட்டு கழுவினேன். ஏன் அங்கே போனேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆறு மாதமாக எங்கள் சபை மண்டபத்தில் மாலையில் எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. சொல்லிக்கொடுப்பது பக்கத்து வீட்டு ஜெபகுமாரின் மகள் சுகாசினி. நம் கல்லூரியில்தான் மூன்றாம் ஆண்டு கணிதம் படிக்கிறாள். அறுபத்தொன்பது வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது ஐயா. பேருந்தில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். மருந்துச் சீட்டைத் தவிர எல்லாம் படிக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. முதல் கடிதத்தை யாருக்கு எழுதலாம் என்று சுகாசினி கேட்டாள். யோசிக்கவே இல்லை. உங்களுக்குத்தான் என்றேன்.

2009, பிப்ரவரி. பதினான்காம் எண் அறை. மணி அடித்தது என்று நினைத்துப் பலகை துடைக்க வந்தேன். அடிக்கவில்லை. நீங்கள் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டிருந்தீர்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்தக் கட்டங்களைத் தெரியும். வருடா வருடம் அவற்றைத்தானே துடைத்தேன். எந்த வரியிலும் எல்லாக் குறியும் ஒரு தடவை வரும், இரண்டாம் தடவை வராது. பந்தியில் எல்லா இலைக்கும் எல்லாப் பதார்த்தமும் ஒரு தடவை விழுவதுபோல. அன்று ஐந்தாவது வரியில் ஒரு இலைக்கு இரண்டு வடை விழுந்திருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"சார், அஞ்சாவது வரில ஒரே குறி ரெண்டு வாட்டி வந்துக்கினு இருக்குது சார்" என்றேன்.

நீங்கள் திரும்பினீர்கள். "ஓ, நீ எனக்குப் பாடம் எடுக்கறியா? வா மேல. இந்தா சாக்பீஸ். மொதல்ல உன் பேர எழுது, பாக்கலாம்" என்றீர்கள்.

நான் ஒரு கோடு போட்டேன். அது நேராக வராமல் நெளிந்தது. "புழு சார், புழு" என்று யாரோ சொன்னார்கள். அறுபது பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "சரி, அந்தப் புழுவ துடைச்சிட்டுப் போ" என்றீர்கள். துடைத்தேன். மறுநாளே என்னைத் தவளைக்கு மாற்றிவிட்டீர்கள்.

அன்று மாலையே அந்தக் கட்டத்தை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கோலம் போடுவதுபோல் வரைந்துவைத்தேன். பதினாறு வருடமாக என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. போன வாரம் சுகாசினியிடம் காட்டினேன். "தாத்தா, இதுல அஞ்சாவது வரி தப்பு" என்றாள்.

எனக்கு ஒரு வரி வேண்டும். "அன்று தாவீது சொன்னது சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அதைப் படிக்க எனக்கு இப்போது யாரும் தேவையில்லை.

இப்படிக்கு,
தாவீது


ஓரிக்கை
13-8-2025

தாவீதுக்கு,

உன் கடிதம் வந்தது. இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது நல்ல விஷயம். பாராட்டுகள்.

நீ சொல்லும் சம்பவம் எனக்குச் சரியாக நினைவில்லை. முப்பத்தோரு வருடப் பணியில் எத்தனையோ வகுப்புகள். கொஞ்சம் கேலியாக ஏதாவது சொல்லியிருக்கலாம். துறை மாற்றம் அலுவலகத்தின் முடிவு.

ஆனால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அது குலம் என்ற இயற்கணித அமைப்பின் பெருக்கல் அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு குறியும் ஒரே தடவை வர வேண்டும் என்பது அதன் வெளித்தோல்தான். ஐந்து உறுப்புகளை வைத்து ஒரு கட்டம் போட்டுக்காட்ட முடியும்: எல்லா வரியிலும் எல்லாக் குறியும் ஒரே தடவை வரும், எதோடு சேர்ந்தாலும் அதை மாற்றாத சமனி உறுப்பும் இருக்கும், ஆனாலும் அது குலம் ஆகாது. சேர்ப்பு விதி உடைந்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே நீ பார்த்தது கணிதம் அல்ல, வெறும் கோலம். அதற்குச் சான்றிதழ் கேட்பது வேடிக்கை.

உன் சுகாசினியிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

ப. மாணிக்கவேல்
பேராசிரியர் (ஓய்வு)


ஐயம்பேட்டை
29-8-2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

என் பெயருக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது. தபால்காரர் முத்துக்குமார், "தாத்தா, படிச்சிக் காட்டட்டுமா?" என்று உறையைக் கிழிக்கப் போனார். "குடுப்பா இப்படி" என்று பிடுங்கிக்கொண்டேன். முழுக்க நானே படித்தேன். "வெளித்தோல்" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். படிக்கத் தெரியாமல் இல்லை.

கேட்டுத் தெரிந்துகொள் என்றீர்கள். கேட்டேன். பாடத்தின் பெயர் குலம் என்று சுகாசினி சொன்னதும், "இங்கயும் அதுதானா?" என்றேன். சிரித்தாள். "இது வேற தாத்தா, இங்க யாரும் மேல கீழ கெடையாது" என்றாள். சரி என்று உட்கார்ந்தேன்.

நீங்கள் சொன்ன ஐந்துக் கட்டத்தைப் போட்டுக் காட்டினாள். நீங்கள் சொன்னது உண்மை. பார்த்தால் எல்லா இலைக்கும் எல்லாம் விழுந்திருக்கிறது. ஆனால் முதல் இரண்டைச் சேர்த்துவிட்டு மூன்றாவதைச் சேர்த்தால் ஒன்று வருகிறது, பின் இரண்டை முதலில் சேர்த்தால் வேறொன்று வருகிறது. "நாலு வரைக்கும் உன் கண்ணு போதும் தாத்தா. அஞ்சுல இருந்து அது ஏமாத்தும்" என்றாள். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் புரிந்தது. ஒரே குறி இரண்டு தடவை வராவிட்டால் கட்டம் சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு தடவை வந்துவிட்டால் நிச்சயம் தப்பு. அதற்கு மேல் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம். நான் சொன்னது இரண்டு தடவை வந்ததைத்தான். சுகாசினியிடம் சொன்னேன். எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள் ஐயா.

என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் பெரிய படிப்பு. நான் ஆறு மாதம். இருந்தும் பிடித்துவிட்டேன்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். எதிர்மறை உறுப்பு. ஒரு காரியத்தைச் செய்தால் அதை ஒன்றுமில்லாமல் ஆக்க ஒரு காரியம் உண்டு. பல காரியங்களை வரிசையாகச் செய்திருந்தால், கடைசியில் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். காலுறை போட்டு, ஷூ போட்டு, கயிறு கட்டியிருந்தால், கயிற்றில் இருந்துதான் தொடங்க வேண்டும். இதைக் கேட்டதில் இருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நீங்கள் எனக்குச் செய்ததை விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன். மேலே கூப்பிட்டீர்கள். சாக்பீஸ் கொடுத்தீர்கள். பெயர் கேட்டீர்கள். சிரிக்கவிட்டீர்கள். துடைக்கச் சொன்னீர்கள். ஒரு கை விரல்.

ஒரு வரி இனி போதாது. எங்கள் சபை மண்டபத்துக்கு ஒரு மாலை வாருங்கள். என்னோடு படிக்கும் பதினேழு பேர் முன்னால் அந்த வரியை உங்கள் வாயால் சொல்லுங்கள். தேநீர் தருவோம்.

தாவீது


ஓரிக்கை
9-9-2025

தாவீதுக்கு,

உன் இரண்டாம் கடிதத்தில் இருந்த தர்க்கம் சரி. ஒப்புக்கொள்கிறேன். சம்பவமும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் நீ பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. நான் தவறாகப் போட்டுவிட்டதாகவும் நீ கண்டுபிடித்ததாகவும் பதினாறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது என் பிழையே அல்ல. வேண்டுமென்றே வைத்தது. ஒவ்வொரு வருடமும் குலக் கோட்பாடு தொடங்கும்போது ஒரு கட்டத்தில் ஒரு குறியை மாற்றிவைப்பேன். எந்த மாணவன் கண்டுபிடிக்கிறான் என்று பார்ப்பேன். அன்று அரை மணி நேரமாக அறுபது பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. மணி அடிக்கும்வரை காத்திருக்கலாம் என்று நின்றேன். நீ துடைப்பானோடு உள்ளே வந்து எல்லாவற்றையும் கெடுத்தாய்.

என் நிலைமையை யோசித்துப் பார். நீ சொன்னது சரி என்று நான் சொல்லியிருந்தால், பட்டப்படிப்புப் படிக்கும் அறுபது பேருக்குத் தெரியாதது பலகை துடைப்பவனுக்குத் தெரிந்தது என்று ஆகியிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு அவமானம். ஆசிரியர் என்ற முறையில் நான் அவர்களைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. உன்னைப் புண்படுத்தும் எண்ணம் இல்லை.

இதோடு இதை விட்டுவிடு. சபை மண்டபத்துக்கெல்லாம் வர முடியாது. எனக்கு மூட்டுவலி.

ப. மாணிக்கவேல்


ஐயம்பேட்டை
20-9-2025

ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை சத்தமாகப் படித்தேன்.

இத்தனை வருடம் உங்களைப் பற்றி நான் நினைத்தது வேறு. கை தவறிவிட்டது, ஒரு வேலைக்காரன் அதைச் சொல்லவும் பதறிவிட்டார், பதற்றத்தில் பேசிவிட்டார் என்று நினைத்தேன். அப்படி இருந்தால் மனுஷன்தானே என்று விட்டுவிடலாம். இரண்டு தடவை விட்டும் இருக்கிறேன், ஈஸ்டர் சமயத்தில்.

இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். நீங்கள் பதறவில்லை. சாக்பீஸை என் கையில் வைக்கும்போதே நான் சொன்னது சரி என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் வைத்த பரீட்சையில் அன்று தேறியவன் நான் ஒருவன். தேறியவனைத்தான் தவளைக்கு அனுப்பினீர்கள்.

இனி உங்களிடம் மன்னிப்பு வேண்டாம், வரியும் வேண்டாம்.

அடுத்த மாதம் 10-ஆம் தேதி மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு எடுக்க நம் கல்லூரிக்கு வருகிறீர்கள் என்று சுகாசினி சொன்னாள். மாலையும் பொன்னாடையும் உண்டாம். அதே பதினான்காம் எண் அறை. பிள்ளைகள் இந்த வருடமும் அறுபது பேர்தான்.

இப்போது கணிதத் துறையில் பாடம் எடுக்கும் ஜெயப்ரியா அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அன்று அந்த அறுபது பேரில் அவரும் ஒருவர். "நானும் சிரிச்சேன் தாத்தா. இன்னிக்கு வரைக்கும் அந்த ரூமுக்குள்ள போனா அது ஞாபகம் வருது" என்றார். நான் கேட்டதற்கு உடனே சரி என்றார்.

அந்த அறையில் பக்கவாட்டுச் சுவரில் இன்னொரு பலகை இருக்கிறது. நீங்கள் வரும் அன்று காலையில் அதில் நான் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டுவைப்பேன். அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ. எனக்கு முதலில் வந்த எட்டு எழுத்துகள். அதில் ஒரே ஒரு பிழை இருக்கும். பிள்ளைகள் முன்னால் அதைக் கண்டுபிடியுங்கள். உங்களுக்குப் பழக்கமான விளையாட்டுதானே.

தாவீது


ஓரிக்கை
26-9-2025

தாவீதுக்கு,

என்னைப் பயமுறுத்துவதாக நினைக்கிறாய். நான் முப்பத்தோரு வருடம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆறு மாதம் படித்த நீ அதில் எனக்குக் கண்ணி வைக்கிறாய்.

போட்டுவை. ஐந்து நிமிடத்தில் பிழையைக் காட்டுகிறேன். காட்டிய பிறகு இந்தக் கடிதப் போக்குவரத்து நிற்க வேண்டும். பிள்ளைகள் முன்னால் நீயே அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ப. மாணிக்கவேல்


ஓரிக்கை
17-10-2025

திரு. தாவீது அவர்களுக்கு,

அந்தப் பிழை எங்கே இருக்கிறது?

அன்று உங்களிடமே கேட்டிருக்கலாம். நீங்கள் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்னால் கேட்க முடியவில்லை.

ஒரு சதுரத்தைத் திருப்பும், புரட்டும் எட்டு வழிகளின் பெருக்கல் அட்டவணைதான் அந்தக் கட்டம் என்று ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் எந்த இடத்தில் நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி. வரி வரியாகப் பார்த்தேன். சரியாக இருந்தது. நெடுக்காகப் பார்த்தேன். சரியாக இருந்தது. சேர்ப்பு விதியில்தான் ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து, ஒவ்வொன்றாகப் பலகையில் போட்டுப் பார்த்தேன். எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் ஆடின. இ எது, ஈ எது என்று தடுமாறினேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அறுபது பேர் இருக்கும் அறையில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. என் சாக்பீஸின் சத்தம் எனக்கே கேட்டது.

பிழையே இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. ஒருவேளை இருந்து, அந்தப் பிள்ளைகளில் யாராவது எழுந்து காட்டிவிட்டால் என்று பயமாக இருந்தது. சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

"கட்டத்துக்குக் கீழ போட்டவர் பேர் இருக்குது சார், வாசிச்சிடுங்க" என்று ஜெயப்ரியா சொன்னாள். வாசித்தேன்.

வீட்டுக்கு வந்து எட்டுக்கு எட்டையும் நினைவில் இருந்து தாளில் எழுதினேன். சேர்ப்பு விதிக்கு, சமனியை விட்டுவிட்டாலும், மும்மூன்றாகச் சேர்த்துப் பார்க்க முந்நூற்று நாற்பத்து மூன்று கணக்குகள். எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். மூன்றாம் முறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி சம்பூர்ணம் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துவிட்டாள். நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஒரு கணக்குக்காக நான் சோற்றைத் தள்ளிவைத்ததில்லை என்கிறாள்.

தயவுசெய்து அந்த இடத்தை மட்டும் எழுதுங்கள். எந்த வரி, எந்த நெடுக்கு என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
மாணிக்கவேல்


ஐயம்பேட்டை
27-10-2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

பிழை இல்லை ஐயா.

பட்டுப் புடவை வந்த அட்டைப் பெட்டியில் ஒரு சதுரம் வெட்டி, நான்கு மூலைக்கும் நான்கு வண்ணம் பூசி, திருப்பித் திருப்பி, புரட்டிப் புரட்டி, ஆறு நாளில் அறுபத்து நான்கு கட்டத்தையும் நானே நிரப்பினேன். சுகாசினி சரிபார்த்தாள். "ஒண்ணுகூட தப்பு இல்ல தாத்தா. பிழை இருக்குன்னு எழுதிட்டியே, எங்க வைக்கப் போற?" என்று கேட்டாள். "கடிதத்துல வெச்சிட்டேன்" என்றேன்.

பொய் சொன்னது பாவம். ஞாயிற்றுக்கிழமை சபையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். கிடைத்ததா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் கண் சரி என்றது. என் கடிதம் தப்பு என்றது. நீங்கள் கடிதத்தை நம்பினீர்கள். பெயர் எழுதத் தெரியாதவன் என்று நீங்கள் அறுபது பேருக்குக் காட்டியவனின் எழுத்தை, உங்கள் முப்பத்தோரு வருடப் படிப்பைவிட அதிகமாக நம்பினீர்கள். இப்படி நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், சரியானதைத் தப்பு என்று பத்து பேர் முன்னால் அழுத்திச் சொன்னால் சரியாகச் சொன்னவனுக்கே சந்தேகம் வந்துவிடும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள். நானும் அந்த ஐந்தாவது வரியை வேதாகமத்தில் இருந்து எடுத்து எடுத்துப் பார்த்தவன்தான். உங்களுக்கு ஒரு வாரம். எனக்குப் பதினாறு வருடம்.

வரிசையைக் கவனித்தீர்களா? துடைக்கச் சொன்ன இடத்தில் முதலில் எழுதினேன். சிரித்த அறை சத்தமில்லாமல் இருந்தது. என் பெயரை நீங்கள் உங்கள் வாயால் வாசித்தீர்கள். நான் எழுந்து வந்து கையை நீட்டியதும் சாக்பீஸை என் கையில் வைத்தீர்கள். அதன் பிறகு நான், "நின்னுக்கினே இருந்தீங்க, மூட்டு வலிக்கும். போய் உக்காருங்க சார்" என்றேன். இறங்கிப் போய் உட்கார்ந்தீர்கள். கடைசியில் இருந்து முதல் வரைக்கும் வந்துவிட்டோம். ஒரு கை விரலும் மடங்கிவிட்டது.

அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம். உங்கள் கடிதத்தின் மேல் திரு. என்று போட்டிருந்தீர்கள். அதையும் பார்த்தேன்.

சம்பூர்ணம் அம்மா கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுங்கள், சோற்றைத் தள்ள வேண்டாம். நீங்கள் இனித் தேட வேண்டாம்.

ஒரு செய்தி மட்டும் இருக்கிறது. வேலை பார்த்த காலத்தில் சில நாள் பலகையின் மூலையில் ஒரு பெட்டி போட்டு அதற்குள் ஏதோ எழுதியிருப்பீர்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தப் பெட்டியைக் கண்டால் துடைப்பானைக் கீழே வைத்துவிடுவேன். என் கட்டத்துக்குப் பக்கத்திலும் அதே மாதிரி ஒரு பெட்டி போட்டு, 'அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறேன். நேற்று ஜெயப்ரியா அம்மா, "ரெண்டு வாரம் ஆவுதே தாத்தா, தொடச்சிடலாமா?" என்று கேட்டார்.

மாணிக்கவேல் ஐயா வந்து பிழையைக் காட்டிய பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
தாவீது